அண்ணனின் சென்டருக்கு ஒரு மாலை

பிறக்கவே பிறக்காத ஒருவனுக்கு மரியாதை வாங்கிக் கொடுப்பதற்காக ஒரு வாரம் முழுக்க நான் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு பிரிக்காமல் மேசை மேல் கிடக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயே அணைந்துவிட்டது. நானோ, "அண்ணே, கொஞ்சம் மனசு வைங்கண்ணே, அவர் ரிட்டயர் ஆயி எவ்வளவு நாளாச்சு, இதுவரைக்கும் ஒண்ணுமே கெடைக்கலைல்ல" என்று மன்றாடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கமாக வந்த என் வீட்டுக்காரர் நின்று கேட்டுவிட்டு, "பாவம், யாருக்குப் பென்ஷன் வரல?" என்றார்.

பென்ஷன் விவகாரமாக இருந்தால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன். இது கூடைப்பந்து. அதுவும் கம்ப்யூட்டருக்குள் நடக்கிற கூடைப்பந்து. அதில் ஓய்வு பெற்றுப் போன ஓர் ஆட்டக்காரனுக்காகத்தான் நான் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிக்கொண்டிருந்தேன்.

இது ஊரடங்கு காலத்தில் பிடித்த சனியன். எங்கள் அண்ணனும், ஆவூர்ப் பக்கம் எங்கள் பங்குக்கோயில் பள்ளிக்கூடத்தில் அவனோடு பந்து விளையாடிய ஏழு பேரும் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் கிடந்து, ஆளுக்கு ஒரு டீம் என்று எட்டு டீம் வைத்து ஒரு லீக்கை ஆரம்பித்தார்கள். ஆட்டக்காரர்களைக் கம்ப்யூட்டரே உண்டாக்கிக் கொடுக்கும். உயரம், எடை, கை வேகம், கோபதாபம் எல்லாம் அதுவே எழுதிவிடும். நாம் ஆளைப் பொறுக்க வேண்டும், யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று சொல்ல வேண்டும். மேட்ச்சை அது தானே ஆடி முடித்து ஸ்கோரைக் கொடுக்கும். நமக்கு ஓரிரு மாதம் போனால் அவர்களுக்கு ஒரு வருஷம். அப்படியே வயதாகி, முட்டி தேய்ந்து, ஒரு நாள் ரிட்டயர் ஆகிவிடுவார்கள். ஊரடங்கு முடிந்து எல்லோரும் வேலைக்குப் போன பிறகும் இந்தப் பைத்தியம் மட்டும் தெளியவில்லை.

ஆட்டக்காரர்களின் பெயர்களை நான் இங்கே சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் வைத்த வெள்ளைக்காரப் பெயர்களை மாற்றி, இவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள், பெண் கொடுத்தவர்கள், கொடுக்க மாட்டேன் என்றவர்கள் பெயர்களையெல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒன்றைச் சொன்னாலும் ஒரு குடும்பம் வேன் எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கும்.

இந்தக் கூத்தில் நான் எப்படி மாட்டினேன் என்றால், எட்டு ஆண்களுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. மேட்ச்சை யார் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டினாலும் அவன் தில்லுமுல்லு செய்கிறான் என்று சண்டை. கடைசியில், "தங்கச்சி கணக்கு டீச்சர், டீமும் இல்ல, யாரு பக்கமும் சாயாது" என்று என்னைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். நானும் பெருமையாக ஒப்புக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்றால் யார் என்ன செய்ய முடியும்? வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டு அறந்தாங்கி வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்து மேட்ச்சை ஓட்ட வேண்டும். ஏன் வெள்ளிக்கிழமை? அன்றைக்குத்தான் அண்ணனுக்கு அங்கே லீவு.

அண்ணன் வளைகுடாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். என் மகன் பிறப்பதற்கு முன்னால் போனவன், இப்போது என் மகன் அவன் தோள் உயரம் இருப்பான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், பெட்டியைப் பிரிப்பான், எல்லோருக்கும் கொடுப்பான், போய்விடுவான். மற்ற நாளெல்லாம் போன்தான். போனில் என்ன பேசுவது? யாருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, யார் வீட்டில் கல்யாணம். 'சரி', 'செஞ்சுரலாம்', 'பாத்துக்க'. இந்த மூன்றைத் தவிர அவனிடம் வேறு வார்த்தை இருக்காது. ஆனால் வெள்ளிக்கிழமை லீக் குரூப்பில் வந்து பாருங்கள். "எவன்டா அது, என் ஆளுக்கு ஃபவுல் குடுத்தது" என்று ஆரம்பித்தால் ஆவூர் பாஸ்கெட்பால் கோர்ட்டில் நிற்கிற பழைய அண்ணன் அப்படியே இருப்பான். சண்டை போடுகிறபோதுதான் அவன் எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தான். எனக்கு அந்தச் சண்டை வேண்டும். அதனால்தான் அந்த லேப்டாப்பை இன்னும் தூக்கிக் குப்பையில் போடவில்லை.

இனி மாலை கதை. ஹால் ஆஃப் ஃபேம் என்று வெள்ளைக்காரன் சொல்வதை எங்கள் ஆட்கள் 'மாலை' என்று ஆக்கிவிட்டார்கள். ஓய்வு பெற்றவர்களில் பெரிய ஆட்டக்காரனுக்கு லீக் மரியாதை செய்வது. எட்டு பேரில் ஒருவர் புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. அவர்தான் அதற்குப் படம் தயாரித்தார். கம்ப்யூட்டர் வரைந்த முகம், சுற்றிலும் ரோஜா மாலை, ஊதுபத்தி ஒன்றுதான் பாக்கி. முதல் படத்தைக் குரூப்பில் போட்ட அன்றைக்கு ஒருவருடைய மாமியார் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "சின்ன வயசா இருக்கே, ஆக்சிடெண்டா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

விதிகளையும் சூப்பிரண்டு அண்ணன்தான் எழுதினார். சும்மா இருப்பாரா? ஒருவர் முன்மொழிய வேண்டும், எதற்காக இந்த ஆளுக்கு மாலை என்று குரூப்பில் எழுத வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். தன் டீம் ஆளைத் தானே முன்மொழியக் கூடாது. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம், ஆனால் தடவைக்கு ஒரு மாலைதான், அதற்கும் நான்கில் மூன்று பங்கு, அதாவது ஆறு ஓட்டு விழ வேண்டும். ஓய்வு பெற்ற பின் மூன்று தடவைதான் வாய்ப்பு, அதற்குள் வராவிட்டால் அந்த ஆளின் கதை முடிந்தது. தலைவராகிய எனக்கு முன்மொழியும் உரிமையும் கிடையாது, ஓட்டும் கிடையாது. திட்டு வாங்கும் உரிமை மட்டும் உண்டு.

அண்ணனிடம் ஒரு சென்டர் இருந்தான். கூடைக்குப் பக்கத்தில் நின்று விளையாடுகிற நெட்டை ஆள். லீக் ஆரம்பித்த வருஷமே அண்ணன் பொறுக்கிய ஆள், ரிட்டயர் ஆகிற வரைக்கும் வேறு டீமுக்குக் கொடுக்கவே இல்லை. அவன் பாஸ்கெட் போட்டு யாரும் பார்த்ததில்லை என்று கேலி செய்வார்கள். எதிராளி தவறவிட்ட பந்தைப் பிடிப்பான், ஓடிவருகிற தன் ஆளுக்குக் கொடுப்பான், அந்த ஆள் பாஸ்கெட் போட வழிவிட்டு எதிராளியை மறித்து நிற்பான். அண்ணன் டீம் கோப்பை வாங்கியபோதெல்லாம் பெயர் வாங்கியது வேறு எவனோ. ஆனால் அவன் ஆடாத வருஷம் அந்த டீம் எப்படி நாறிப்போனது என்று மேட்ச் ஓட்டிய எனக்குத் தெரியும். எட்டு பேருக்கும் தெரியும். அவனுக்கு மாலை போட வேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது.

பிறகு ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

முதல் தடவை, பொன்னமராவதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணனுடைய ஆளும் போட்டியில் இருந்தான். எங்கள் அண்ணன் தன் ஆளை விட்டுவிட்டு, கடைக்கார அண்ணனுடைய ஆளுக்காகப் பக்கம் பக்கமாக எழுதி, ஆளாளுக்குப் போன் போட்டு ஓட்டுச் சேகரித்தான். அந்த ஆள் மாலையோடு போனான், நம் ஆள் தோற்றான். இரண்டாவது தடவை இரண்டு பேர் வேலை மும்முரத்தில் ஓட்டுப் போடவே மறந்துபோக, ஒரே ஓட்டில் போனது. ஓட்டுகளை எண்ணுகிறவள் நான். குறைந்த அந்த இன்னொரு ஓட்டு எது என்று பார்த்தால், அது அண்ணனுடைய ஓட்டு. எல்லோருக்கும் போட்டிருக்கிறான், தன் ஆளுக்கு மட்டும் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "தனக்குத் தானே யாராச்சும் மாலை போட்டுக்குவாங்களாத்தா?" என்றான். போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. தவணை முடியாத போன் என்பதால் அடிக்கவில்லை.

இது மூன்றாவது தடவை. இதுதான் கடைசி.

முன்மொழிவு ஆரம்பித்த அன்று மதினி வந்தாள். அண்ணனின் மனைவி. எனக்கு ஒரு வயது இளையவள், முறைக்குத்தான் மதினி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. லீக்கைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது அவளுக்கு, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

"டீச்சரு, ஒங்க அண்ணன் ஒரு மாதிரியா பேசுறாங்க. இந்தத் தடவையும் அந்த நெட்டையனுக்கு மாலை விழலைன்னா டீமை யாருகிட்டயாவது குடுத்துட்டு வெலகிக்கிறேன்னாங்க. வயசாகுது, இன்னும் என்ன வெளையாட்டுன்னாங்க."

"வயசு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சா அவனுக்கு?"

"என்கிட்டச் சொன்னதா சொல்லாதீங்க. ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லல."

சொல்லச் சொல்லவில்லை. அது எங்கள் வீட்டுச் சீக்கு. அவள் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லீக்கிலிருந்து விலகினால் வெள்ளிக்கிழமையும் 'சரி', 'செஞ்சுரலாம்', 'பாத்துக்க' ஆகிவிடும். அப்புறம் எனக்கு அண்ணன் என்று ஒருவன் எங்கே இருப்பான்?

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். குரூப்பில் கண்ட கண்ட ஆட்டக்காரனையெல்லாம் முன்மொழிகிறார்கள். ஒரே ஒரு வருஷம் ஆடிவிட்டுக் கால் முறிந்து போனவனைக்கூட ஒருவர் 'மறக்க முடியுமா' என்று எழுதியிருந்தார். அண்ணனின் சென்டர் பெயரைக் காணவில்லை. சரி, தலைவர் முன்மொழியத்தான் கூடாது, போன் பண்ணக் கூடாது என்று விதி இல்லையே என்று கடைக்கார அண்ணனுக்குப் போட்டேன்.

"நான் எப்படித் தங்கச்சி?" என்றார். பின்னால் யாரோ தகரம் வெட்டுகிற சத்தம். "அன்னைக்கு அவன் என் ஆளுக்கு எழுதுனான். இன்னைக்கு நான் அவன் ஆளுக்கு எழுதுனா, மொய்க்கு மொய் செஞ்ச மாதிரி ஆயிரும்ல. பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க? அவன் ஆளோட மதிப்புத்தான் கொறையும்."

"யாருண்ணே பாக்குறாங்க? எட்டுப் பேருதான இருக்கீங்க?"

"எட்டுப் பேரு போதாதா தங்கச்சி, பேசுறதுக்கு?"

போன தடவை முன்மொழிந்தவர் விவசாயம் பார்க்கிற அண்ணன், ஆவூர்ப் பக்கமே இருக்கிறார். அவரைக் கேட்டால் அதைவிட மோசம். "நான் எழுதித்தானம்மா போன தடவை ஒரு ஓட்டுல போச்சு. என் கை ராசி இல்ல. நான் கெணறு வெட்டுனாலே தண்ணி வராது. கடைசித் தடவை வேற, நல்ல கையா பாத்து எழுதச் சொல்லு" என்றார். கம்ப்யூட்டருக்குள் ஆடிய ஆட்டக்காரனுக்குக் கை ராசி பார்க்கிற ஜனம் உலகத்திலேயே எங்கள் ஆட்கள் மட்டுமாகத்தான் இருக்கும். சூப்பிரண்டு அண்ணனோ, போன தடவை முன்மொழிந்தவர் உயிரோடு இருக்கும்போது அவரைத் தாண்டித் தான் எழுதுவது மரபு இல்லை என்றார். எந்த மரபு அண்ணே, இந்த லீக்குக்கே அஞ்சாறு வயசுதான ஆகுது என்றேன். "மரபுங்கிறது மொத நாள்லருந்தே ஆரம்பிச்சுருதும்மா" என்றார். மற்றவர்களிடமும் கேட்டேன். எல்லோரும் சுற்றிச் சுற்றிச் சொன்னது ஒன்றுதான்: அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே செய்துவிடுவோம். அவன் சொல்லாமல் நாமாகச் செய்தால் அவனுக்குப் பிடிக்காமல் போனால்?

ஆக, ஆளுக்கு ஆள் அவன் மேல் மரியாதை. மரியாதையிலேயே அவனைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள் போல இருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு அண்ணனுக்கே போன் போட்டேன்.

"நீ அந்தக் கடைக்கார அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"என்னத்தச் சொல்ல?"

"என் ஆளை எழுதுங்கன்னு."

"கேட்டு வாங்க அது என்ன ரேஷன் அரிசியா? அவங்களுக்காத் தோணணும்."

"எல்லாருக்கும் தோணியாச்சு. நீ கேக்கணும்னு நிக்கிறாங்க."

"அப்படி ஒண்ணும் எனக்கு வேணாம்த்தா. புனிதருங்க யாராச்சும் எனக்குப் பட்டம் குடுங்கன்னு மனு போட்டாங்களா?"

"அவங்க எல்லாருமே செத்ததுக்கு அப்புறந்தான் வாங்குனாங்க. நீயும் அதுவரைக்கும் இருக்கப் போறியா?"

சிரித்தான். சிரித்துவிட்டு, "வேலை கெடக்கு, பாத்துக்க" என்று வைத்துவிட்டான். பாத்துக்கவாம். என்னத்தைப் பார்ப்பது?

முன்மொழிவு முடிய ஒரு நாள் இருக்கும்போது கடைக்கார அண்ணனை மறுபடி பிடித்தேன். இந்தத் தடவை கெஞ்சவில்லை. "அண்ணே, அவன் லீக்கை விட்டே போகப் போறான், அது ஒங்களுக்குச் சம்மதமா?" என்று உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன். மனிதர் பதறிவிட்டார். "அடப்பாவி, அப்படியா சொன்னான்? நான் இப்பவே எழுதுறேன், நீ வைய்யி" என்றார். எனக்கு நெஞ்சுக்குள் பால் வார்த்தது போல இருந்தது. அன்றைக்கு உட்கார்ந்து பாதிக் கட்டு விடைத்தாளைத் திருத்தி முடித்தேன். பிள்ளைகளுக்கு மார்க்கையும் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

குரூப்பில் வந்து விழுந்தது. கடைக்கார அண்ணன் உண்மையிலேயே நன்றாக எழுதியிருந்தார். அந்தச் சென்டர் பந்தைப் பிடிக்கும் விதம், கொடுக்கும் விதம், ஒரு கோப்பை ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் அவன் மறித்து நின்றது, எல்லாம் அச்சில் வார்த்தது போல இருந்தது. படித்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தேன். ஊர்ப் பொதுக்கூட்டத்துத் தீர்மானம் எழுதிப் பழகிய கை அல்லவா? யார் பெயரையும் விட்டுவிடக் கூடாது, எல்லோருக்கும் உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும் என்று, முடிவில் இப்படி எழுதியிருந்தார்: 'தலைவர் தங்கச்சி அவர்கள் பலமுறை அன்புடன் கேட்டுக்கொண்டதற்கிணங்க, இதனை மனமார முன்மொழிகிறேன்.'

பலமுறை. அன்புடன். கேட்டுக்கொண்டதற்கிணங்க.

என்னைக் கௌரவப்படுத்துகிறாராம். இதைவிட என்னை நடுத்தெருவில் நிறுத்தி நாலு அறை அறைந்திருக்கலாம். போன் போட்டு, "அந்தக் கடைசி வரியை எடுங்கண்ணே" என்று கத்தினேன். "ஏம்மா, ஒன் பேரைப் போடாம எப்படி, நன்றி கெட்டத்தனம்ல" என்று அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் பதில் குரூப்பில் வந்துவிட்டது. 'என் ஆளை எடுத்துவிடவும். அனைவருக்கும் நன்றி.'

அண்ணன் எழுத்துத் தமிழில் பேசினால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

சூப்பிரண்டு அண்ணன் உடனே, ஆளுக்குச் சொந்தக்காரர் வேண்டாம் என்றால் தலைவர் எடுத்துவிட வேண்டியது என்று எழுதினார். விதியாம். நான் எடுக்கவில்லை. பேப்பர் திருத்துகிறேன், கரண்ட் இல்லை, லேப்டாப்பில் சார்ஜ் இல்லை என்று இழுத்தடித்துக்கொண்டு நேரே மதினி வீட்டுக்குப் போனேன். என் போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டான் என்று தெரியும். மதினி, பிள்ளைகளின் துவைத்த பள்ளிக்கூட யூனிபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அவள் போனில் வீடியோ கால் போட்டு, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள்.

திரையில் என்னைப் பார்த்ததும் அண்ணன் முகம் மாறியது. "நீ எங்க அங்கிட்டு?" என்றான்.

"எதுக்கு ஆளை எடுக்கச் சொன்ன?"

"ஊரெல்லாம் போயி கேட்டிருக்க. தங்கச்சியை விட்டுக் கேக்க வச்சிருக்கான்னு நெனைக்க மாட்டாங்களா?"

"நெனைச்சா நெனைச்சுட்டுப் போறாங்க. ஒனக்கு அந்த மாலை வேணுமா, வேணாமா?"

"அதுக்கில்லத்தா..."

"வேணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு."

எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்: "குடுத்தா நல்லாத்தான் இருக்கும்."

மதினி மடித்துக்கொண்டிருந்த சட்டையைத் தொப்பென்று போட்டாள். "இதைத்தான் டீச்சரு நானும் கல்யாணம் ஆன நாள்லருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். காப்பி வேணுமான்னு கேட்டா, குடுத்தா நல்லாத்தான் இருக்கும். கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தவான்னா, ஊத்துனா நல்லாத்தான் இருக்கும். ஆமான்னு ஒரு வார்த்தை வாயில வராது."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரத்து எரிச்சல் அத்தனையும் சேர்ந்து வந்தது.

"அழுத புள்ளதான் பால் குடிக்கும். ஒன்னைய மாதிரி வாயை மூடிக்கிட்டு நின்னா எவன் குடுப்பான்? அப்பா செத்தப்பவும் இப்படித்தான். ஒன் கம்பெனி சூப்பர்வைசர் லீவு இல்லன்னுட்டான்னு பேசாம இருந்துட்ட. சண்டை போட்டிருக்கணும். கால்ல விழுந்தாவது கேட்டிருக்கணும். ஒரு தடவை இல்லன்னா ஒம்பது தடவை கேட்டிருக்கணும். நாங்க இங்க சவப்பெட்டியை மூடாம, வந்துருவான் வந்துருவான்னு சாயங்காலம் வரைக்கும் பங்குச் சாமியாரைக் காக்க வச்சிருந்தோம். கடைசியில நீ போன்லதான் பாத்த."

திரையில் அண்ணன் அசையவில்லை. அடுத்த நொடி வீடியோ கால் கட்டாகிவிட்டது. "நெட்டு போயிருச்சு போல" என்றாள் மதினி. நெட்டு போகவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி யூனிபார்மை மடிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து என்னையே திட்டிக்கொண்டேன். மாலையைப் பற்றிப் பேசப் போனவள் அப்பா சாவை ஏன் இழுத்தேன்? அந்தக் கம்பெனிக்காரன் லீவு கொடுக்காததற்கு இவன் என்ன செய்வான்? அந்த சூப்பர்வைசரை எங்கள் குடும்பமே இத்தனை வருஷமாகச் சபித்துக்கொண்டிருக்கிறது. மதினி செபமாலை சொல்கிறபோதுகூட நடுவில் அவனுக்கு ஒரு சாபம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த மணிக்குப் போவாள். அப்படியிருக்க, நான் அண்ணனைப் போய்க் குத்தியிருக்க வேண்டாம். இனி டீமை நிச்சயம் விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஓட்டுப் போடுகிற நாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து லேப்டாப்பைத் திறக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது குரூப்பில் அண்ணனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். விலகுகிறேன் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்துத்தான் அழுத்தினேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டான். பின்னால் ஏசி இரைகிற சத்தம்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் அன்னைக்கு என் ஆளை எடுக்கச் சொன்னேன். எடுக்க வேணாம். எனக்கு அந்த மாலை வேணும். எல்லாரும் ஓட்டுப் போடுங்க. இப்படிக் கேக்குறது எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. இருந்தாலும் கேக்குறேன். எனக்கு வேணும்ங்க. அவ்வளவுதான்."

முதலில் கடைக்கார அண்ணன் எழுதினார்: 'இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா. தங்கச்சி என் உசிரை எடுத்துருச்சு.' கை ராசி இல்லாத விவசாயி அண்ணன், 'நானே வழிமொழிகிறேன், ராசியாவது மண்ணாவது' என்று போட்டார். சூப்பிரண்டு அண்ணன், எடுக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுவதற்கும் விதியில் இடம் உண்டு என்று எழுதினார். அப்படி ஒரு விதி கிடையாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஓட்டுகள் வரிசையாக விழுந்தன. குறை ஒன்றும் இல்லை. அண்ணனின் சென்டர் நெட்டைக் கழுத்தில் ரோஜா மாலையோடு குரூப்பில் வந்து நின்றான். ஆளாளுக்குக் கைதட்டுப் படம் போட்டார்கள். நான் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, போய் முகம் கழுவி, காபி போட்டேன். அப்பாடா என்று முதல் வாய் குடிக்கும்போது அண்ணன் கூப்பிட்டான். வீடியோ இல்லை, வெறும் கால்.

"மாலை எடுப்பா இருக்குத்தா அவனுக்கு" என்றான்.

"இருக்கும் இருக்கும். என் ஒரு வாரத்துத் தூக்கத்தைத் தொடுத்துக் கட்டுனதுல்ல."

சிரித்தான். அப்புறம், "கேட்டா குடுத்துடுறாங்கத்தா" என்றான். ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவன் போலச் சொன்னான்.

"ஆமா, இத்தனை நாளா ஒனக்கு மட்டுந்தான் தெரியாது."

வழக்கமான 'பாத்துக்க' வரவில்லை. நான் திட்டியது இன்னும் மனசில் இருக்கிறது போல, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"அப்பா செத்தப்ப லீவு இல்லன்னு அந்த சூப்பர்வைசர் சொல்லலத்தா."

"என்ன சொல்ற?"

"நான் கேக்கவே இல்ல. அந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு பேரு அவசரம்னு ஊருக்குப் போயிருந்தாங்க. நானும் போயி நின்னா அவருக்குச் சங்கடமா இருக்குமேன்னு இருந்துச்சு. எப்படியும் அவரு காதுக்குப் போயிரும், அவராக் கூப்புட்டு, கெளம்புடான்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். காலையிலருந்து அவரு ரூம் வாசல்லதான் நின்னேன். ரெண்டு தடவை என்னைத் தாண்டிப் போனாரு. என்னன்னு கேட்டாரு. ஒண்ணுமில்ல சார்னேன். நீங்க பெட்டியை மூடுறதையும் அங்க நின்னுக்கிட்டேதான் போன்ல பாத்தேன்."

எட்டு ஆண்களை ஒரு வாரமாக வாயாலேயே விரட்டியவள் நான். போனைக் காதோடு வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவனும் வைக்கவில்லை.